ஜெரண்டா, பார்ட்டிசிப்பிளா? '-இங்' எங்கே வரும், 'டு' எங்கே வரும்?

வெற்றுத்தாள் கேட்டது:

'-இங்' என்று முடியும் ஆங்கிலச் சொற்களில் எது ஜெரண்ட், எது பிரசண்ட் பார்ட்டிசிப்பிள் என்று உறுதியாகப் பிரிக்க ஒரு வழி வேண்டும். வினைச்சொல் பெயர்ச்சொல்லாக வேலை செய்தால் ஜெரண்ட், பெயரடையாக வேலை செய்தால் பார்ட்டிசிப்பிள் என்ற வரையறை தெரியும். 'ஸ்விம்மிங் இஸ் குட் எக்ஸர்சைஸ்' போன்ற வாக்கியத்துக்கு அது போதும். 'டிரிங்கிங் வாட்டர்', 'ஹி கெப்ட் வெயிட்டிங்', 'ஷி ஸ்பென்ட் தி ஈவினிங் ரீடிங்' என்று வரும்போது அந்த வரையறை கைகொடுப்பதில்லை.

இரண்டாவது கேள்வி. 'என்ஜாய் டு ரீட்' தவறு, 'டிசைட் ரீடிங்' தவறு. 'ஃபர்கெட்', 'ஸ்டாப்' போன்றவை இரண்டு வடிவங்களையும் ஏற்கின்றன, ஆனால் பொருள் மாறிவிடுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர இதில் ஏதாவது ஒழுங்கு உண்டா?

மூன்றாவது, 'ஹிஸ் கமிங் லேட்' சரியா, 'ஹிம் கமிங் லேட்' சரியா? இரண்டுமே அச்சில் கண்ணில் படுகின்றன.

சிவப்புமை எழுதிய பதில்:

முதல் கேள்விக்குத் தமிழே நல்ல கருவி. ஆங்கிலம் ஒரே '-இங்' விகுதியில் அடக்கிவிடுவதைத் தமிழ் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம். வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

'ரன்னிங் இஸ் டயரிங்' என்பதில் 'ரன்னிங்', 'ஓடுவது' என்று வரும். தொழிற்பெயர், ஆகவே ஜெரண்ட். 'எ ரன்னிங் ஹார்ஸ்' ஓடும் குதிரை. பெயரெச்சம், ஆகவே பார்ட்டிசிப்பிள். 'ஹி கேம் ரன்னிங்' ஓடி வந்தான். வினையெச்சம், இதுவும் பார்ட்டிசிப்பிள்தான். 'ஹி இஸ் ரன்னிங்' என்பதும் 'ஓடிக்கொண்டிருக்கிறான்' என்று எச்சமும் துணைவினையுமாகத்தான் தமிழில் வருகிறது, அங்கேயும் பார்ட்டிசிப்பிள்.

வாக்கியத்தில் ஜெரண்ட் உட்காரும் இடங்கள் நான்கு. எழுவாய் இடம், செயப்படுபொருள் இடம், 'மை ஜாப் இஸ் செக்கிங் பில்ஸ்' போல 'இஸ்' என்பதற்குப் பின், பிறகு பிரிபொசிஷனுக்குப் பின். இந்த நான்காவதுதான் மிக உறுதியானது. 'பிஃபோர் ஈட்டிங்', 'வித்தவுட் ஆஸ்கிங்', 'பை மிக்ஸிங்', 'இன்ஸ்டெட் ஆஃப் கோயிங்' என்று பிரிபொசிஷனை ஒட்டி ஒரு வினை வந்தால் அது '-இங்' வடிவில்தான் வர வேண்டும். 'பட்', 'எக்ஸெப்ட்' இரண்டு மட்டும் விலக்கு: 'ஹி டிட் நத்திங் பட் ஸ்லீப்'.

ஜெரண்டுக்கு வெளியே பெயர்ச்சொல்லின் குணம், உள்ளே வினைச்சொல்லின் குணம். 'ஓப்பனிங் தி டோர் ஸ்லோலி' என்பதில் 'ஓப்பனிங்' தனக்கென ஒரு செயப்படுபொருளையும் ஒரு வினையடையையும் வைத்திருக்கிறது. தமிழிலும் அப்படியே: 'கதவை மெதுவாகத் திறப்பது' என்பதில் ஐ உருபு இருக்கிறது, 'மெதுவாக' என்ற வினையடை இருக்கிறது. ஆனாலும் மொத்தத் தொடரும் ஒரே பெயர்ச்சொல்லாக வாக்கியத்துக்குள் போய் உட்காருகிறது. எதிர்மறைக்கு முன்னால் 'நாட்' சேர்த்தால் போதும்: 'நாட் ஸ்லீப்பிங் வெல்', 'நாட் நோயிங் தி ரூல்'. நடந்து முடிந்ததைச் சொல்ல 'ஹேவிங் டன்', செயப்பாட்டுக்கு 'பீயிங் ஆஸ்க்டு', இரண்டும் சேர்ந்தால் 'ஹேவிங் பீன் ஆஸ்க்டு'.

ஜெரண்ட் தொடர் எழுவாயானால் பயனிலை ஒருமை. 'ரீடிங் ஓல்ட் மேப்ஸ் இஸ் ஹார்ட்' என்பதில் 'மேப்ஸ்' பன்மையாக இருப்பதால் 'ஆர்' போடத் தோன்றும்; கடினமாக இருப்பது படிப்பதுதான், ஆகவே 'இஸ்'. இந்த ஒரு விதி சில சமயம் முழுப் பொருளையும் தீர்மானித்துவிடும். 'மூவிங் வெஹிகிள்ஸ் ஆர் டேஞ்சரஸ்' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் ஆபத்தானவை. 'மூவிங் வெஹிகிள்ஸ் இஸ் டேஞ்சரஸ்' என்றால் வண்டிகளை நகர்த்துவது ஆபத்தானது. 'கேன் பி டேஞ்சரஸ்' என்று எழுதினால் ஒருமை பன்மை தெரியாமல் போய் இரண்டு பொருளுக்கும் இடம் தரும். அறிவிப்புப் பலகையிலும் செயல்முறைக் குறிப்பிலும் இதைக் கவனித்து எழுத வேண்டும்.

இனி '-இங்', 'டு' பிரச்சினை. ஒழுங்கு ஓரளவுக்கு உண்டு. 'டு' என்பது ஆதியில் திசை காட்டும் பிரிபொசிஷன். அதனால் 'டு' சேர்ந்த வினை பெரும்பாலும் இனி நடக்க வேண்டியதைச் சுட்டும்: 'ஹோப்', 'டிசைட்', 'பிளான்', 'பிராமிஸ்', 'ரிஃப்யூஸ்', 'அக்ரீ', 'வான்ட்'. '-இங்' நடந்ததை, நடப்பதை, அல்லது ஒரு செயலைப் பொதுவாக எடுத்துப் பேசும்: 'என்ஜாய்', 'ஃபினிஷ்', 'அட்மிட்', 'டினை', 'மிஸ்', 'கிவ் அப்', 'மைண்ட்'.

இரண்டையும் ஏற்கும் வினைகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். இங்கேயும் தமிழ் துணைக்கு வருகிறது. 'பூட்ட மறந்துவிட்டேன்' என்றால் கதவு திறந்து கிடக்கிறது. 'பூட்டியதை மறந்துவிட்டேன்' என்றால் கதவு பூட்டித்தான் இருக்கிறது, நினைவில்தான் இல்லை. முதலாவது 'ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்', இரண்டாவது 'ஐ ஃபர்காட் லாக்கிங் தி டோர்'. 'ரிமெம்பர்' இதே வழியில் போகும். 'ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' புகைப்பதை நிறுத்தினான். 'ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்' புகைக்க நின்றான். 'ரிகிரெட் செல்லிங் இட்' விற்றதற்கு வருத்தம். 'ரிகிரெட் டு இன்ஃபார்ம் யூ' இனி ஒரு கெட்ட செய்தி வரப்போகிறது.

'டிரை' சற்று நுட்பமானது. 'ஐ டிரைட் டு ஓப்பன் தி விண்டோ' என்றால் ஜன்னலைத் திறக்க முயன்றேன், திறந்ததா என்பது சந்தேகம். 'ஐ டிரைட் ஓப்பனிங் தி விண்டோ' என்றால் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஜன்னல் திறந்துவிட்டது, அதனால் புழுக்கம் குறைந்ததா என்பதுதான் கேள்வி. 'முயன்றேன்', 'செய்து பார்த்தேன்' என்ற நம் இரண்டு சொல்முறைகளும் இதற்கு அப்படியே பொருந்தும். 'கோ ஆன் டாக்கிங்' பேச்சைத் தொடர்வது, 'கோ ஆன் டு டாக் அபவுட் மணி' அடுத்தபடியாகப் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது. 'மீன்' என்பதில் 'டு' வந்தால் எண்ணம், '-இங்' வந்தால் விளைவு: 'ஐ டிட் நாட் மீன் டு ஹர்ட் யூ', 'டேக்கிங் தட் ஜாப் மீன்ஸ் கெட்டிங் அப் அட் ஃபைவ்'.

இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாத சிலவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'சஜஸ்ட்', 'கன்சிடர்', 'போஸ்ட்போன்', 'அவாய்ட்', 'ரிஸ்க்' எல்லாம் இன்னும் நடக்காத செயலைப் பற்றியவை, ஆனாலும் '-இங்' கேட்கும். 'மேனேஜ்' நடந்து முடிந்ததைச் சொல்லும், ஆனாலும் 'டு' கேட்கும்.

பிழைதிருத்தி எழுதிய பதில்:

சிவப்புமை சொன்ன தமிழ்ச் சோதனை பத்தில் எட்டு இடங்களில் சரியாக வரும். தவறும் இடங்களைத் தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்தக் கூடாது. கேட்டவர் கொடுத்த மூன்று எடுத்துக்காட்டுகளும் தடுமாற வைக்கும் இடங்களைச் சேர்ந்தவைதாம்.

'டிரிங்கிங் வாட்டர்' என்பதைக் 'குடிக்கும் தண்ணீர்' என்று சொல்லிப் பார்த்தால் பெயரெச்சம் வருகிறது, உடனே பார்ட்டிசிப்பிள் என்று முடிவு கட்டிவிடுவோம். அது தவறு. தமிழ்ப் பெயரெச்சம் அகலமானது. 'தூங்கும் குழந்தை' என்பதில் குழந்தை தூங்குகிறது. 'குடிக்கும் தண்ணீர்' என்பதில் தண்ணீர் எதையும் குடிக்கவில்லை. 'படிக்கும் அறை' என்பதில் அறை படிக்கவில்லை. ஆங்கிலப் பார்ட்டிசிப்பிளுக்கு இந்த அகலம் இல்லை. '-இங்' அடையாக நின்று பார்ட்டிசிப்பிள் ஆக வேண்டுமென்றால், பின்னால் வரும் பெயர்தான் அந்தச் செயலைச் செய்ய வேண்டும்.

ஆகவே பெயருக்கு முன்னால் '-இங்' வந்தால் இப்படிக் கேளுங்கள்: அந்தப் பெயர் அந்தச் செயலைச் செய்கிறதா, அந்தச் செயலுக்காக இருக்கிறதா? 'ஸ்லீப்பிங் டாக்', நாய் தூங்குகிறது, பார்ட்டிசிப்பிள். 'ஸ்லீப்பிங் பேக்', தூங்குவதற்கான பை, ஜெரண்ட். 'வெயிட்டிங் பேஷண்ட்ஸ்' பார்ட்டிசிப்பிள், 'வெயிட்டிங் ரூம்' ஜெரண்ட். உச்சரிப்பும் காட்டிக்கொடுக்கும். ஜெரண்ட் கூட்டுச்சொல்லில் அழுத்தம் முதல் சொல்லில் விழும்: 'ஸ்லீப்பிங்' என்பதை அழுத்தி, 'பேக்' என்பதைத் தாழ்த்திச் சொல்வார்கள். பார்ட்டிசிப்பிள் தொடரில் பிரதான அழுத்தம் பெயரில், அதாவது 'டாக்' என்பதில் விழும். 'டான்ஸிங் டீச்சர்' என்று எழுதினால் நடனம் கற்பிப்பவரா, நடனமாடிக்கொண்டிருக்கும் ஆசிரியரா என்று தெரியாது. வாய்விட்டுச் சொன்னால் அழுத்தத்திலிருந்து தெரிந்துவிடும்.

'கெப்ட் வெயிட்டிங்', 'ஸ்பென்ட் தி ஈவினிங் ரீடிங்' இரண்டையும் பல பள்ளி இலக்கணங்கள் ஜெரண்ட் பட்டியலில் போடுகின்றன. செயப்படுபொருளா என்று சோதிக்க '-இங்' தொடரை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஹி என்ஜாய்டு ரீடிங்', 'ஹி என்ஜாய்டு இட்' பொருந்துகிறது. 'ஹி ஸ்டாப்டு வெயிட்டிங்', 'ஹி ஸ்டாப்டு இட்' பொருந்துகிறது. 'ஹி கெப்ட் இட்' என்றால் எதையோ தானே வைத்துக்கொண்டான் என்று பொருள் எங்கோ போய்விடும். 'ஷி ஸ்பென்ட் தி ஈவினிங் இட்' வாக்கியமே இல்லை. ஆக இவை வினைக்குச் செயப்படுபொருள் அல்ல. 'கீப்' இங்கே தமிழின் 'கொண்டே இரு' போலத் தொடர்ச்சியைக் காட்டும் துணை. 'காத்துக்கொண்டே இருந்தான்' என்ற மொழிபெயர்ப்பில் வினையெச்சம் வருவதும் அதனால்தான். 'ஸ்பென்ட்', 'பிஸி', 'ஹேவ் டிஃபிகல்ட்டி' ஆகியவற்றுக்குப் பின் வரும் '-இங்' முன்பு 'இன்' சேர்ந்து வந்தது, இப்போது 'இன்' பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. 'ஸ்பென்ட் டைம் இன் ரீடிங்' என்று வைத்துப் பார்த்தால் ஜெரண்ட், 'இன்' இல்லாமல் பார்த்தால் பார்ட்டிசிப்பிள் போலத் தெரியும். தேர்வுக்காக என்றால் உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். பயன்பாட்டில் எந்த வேறுபாடும் இல்லை.

ஜெரண்டுக்கும் பார்ட்டிசிப்பிளுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டைப் பெரிய இலக்கண அறிஞர்களே அழித்துவிட்டார்கள். 1985-இல் வெளியான ராண்டால்ஃப் குவர்க் குழுவின் இலக்கணம், 'பெயிண்டிங்' என்ற ஒரே சொல்லை 14 வாக்கியங்களில் வைத்து, முழுப் பெயர்ச்சொல்லிலிருந்து முழு வினை வரை படிப்படியாக அது எப்படி நகர்கிறது என்று காட்டியது. 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் சேர்த்து 'ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்' என்று ஒரே வடிவமாக வைத்தார்கள். வடிவம் எப்போதும் ஒன்றே என்பதால் அவர்களின் முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் எழுதுகிறவருக்கு வேறொரு கோடு மிக முக்கியம்: வினைத்தன்மை உள்ள ஜெரண்டுக்கும், முழுக்கப் பெயராகிவிட்ட '-இங்' சொல்லுக்கும் நடுவே உள்ள கோடு.

'கிளீனிங் தி டேங்க்' என்று எழுதலாம், 'தி கிளீனிங் ஆஃப் தி டேங்க்' என்றும் எழுதலாம். 'தி கிளீனிங் தி டேங்க்' என்று எழுதக் கூடாது. முன்னால் 'தி' போட்டால் பின்னால் 'ஆஃப்' வந்தாக வேண்டும். அடைமொழிக்கும் இதே கதிதான்: 'ஹிஸ் கேர்ஃபுல் ஹேண்ட்லிங் ஆஃப் தி ஃபைல்ஸ்' பெயர்ப் பக்கம், 'ஹிஸ் கேர்ஃபுலி ஹேண்ட்லிங் தி ஃபைல்ஸ்' வினைப் பக்கம். பாதியை இங்கிருந்தும் பாதியை அங்கிருந்தும் எடுத்து ஒட்டினால் வாக்கியம் நொண்டும்.

பொருளும் மாறும். 'ஐ டோண்ட் லைக் ஹிஸ் டிரைவிங்' என்பதற்கு முதலில் தோன்றும் பொருள் அவர் ஓட்டும் விதம் பிடிக்கவில்லை என்பது. 'ஐ டோண்ட் லைக் ஹிம் டிரைவிங்' என்றால் அவர் ஓட்டுவதே பிடிக்கவில்லை. 'ஹிஸ் ஃபாஸ்ட் டிரைவிங்' விதம். 'ஹிஸ் டிரைவிங் ஸோ ஃபாஸ்ட் தட் நைட்' நிகழ்வு.

வெற்றுத்தாள் கேட்டது:

இருவருக்கும் நன்றி. இதிலிருந்தே இன்னொரு சந்தேகம். பிரிபொசிஷனுக்குப் பின் '-இங்' என்றால், 'டு' என்பதும் பிரிபொசிஷன்தானே? 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' தவறு என்கிறார்கள், 'ஐ வான்ட் டு மீட் யூ' சரி என்கிறார்கள். இன்னொன்று, 'ஐ கேம் ஃபார் மீட்டிங் யூ' என்பதிலும் பிரிபொசிஷனுக்குப் பின் '-இங்' சரியாகத்தானே வந்திருக்கிறது? அதையும் பிழை என்று அடிக்கிறார்களே, ஏன்?

இடைநிலை எழுதிய பதில்:

ஆங்கிலத்தில் 'டு' இரண்டு உண்டு. ஒன்று பிரிபொசிஷன், மற்றது வினையின் அடையாளமாக நிற்பது. பிரிக்க எளிய வழி: 'டு' என்பதற்குப் பின் ஒரு வெறும் பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்டு டு தி ஹாலிடே' சரியாக வருகிறது, ஆகவே அங்கே வினை வந்தால் 'டு மீட்டிங்'. 'ஐ வான்ட் டு தி ஹாலிடே' வரவில்லை, ஆகவே 'டு மீட்'. இந்தச் சோதனைக்குப் பிடிபடும் தொடர்கள்: 'அப்ஜெக்ட் டு', 'பி யூஸ்டு டு', 'அக்கஸ்டம்டு டு', 'கமிட்டட் டு', 'டெவோட்டட் டு', 'ஆப்போஸ்டு டு', 'கன்ஃபெஸ் டு', 'ரிஸார்ட் டு', 'வித் எ வியூ டு'. எல்லாவற்றுக்கும் பின் '-இங்'.

'யூஸ்டு டு' தனியாகக் கவனிக்க வேண்டியது. 'ஐ யூஸ்டு டு டிரைவ் அட் நைட்', முன்பு இரவில் ஓட்டுவது வழக்கம், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங் அட் நைட்', இரவில் ஓட்டிப் பழகிவிட்டது. 'ஆம்', 'இஸ்', 'காட்' போன்ற ஒன்று முன்னால் இருந்தால் '-இங்'. மூன்றாவதாக 'திஸ் டூல் இஸ் யூஸ்டு டு கட் வயர்' என்றும் ஒன்று உண்டு. அது 'பயன்படுத்து' என்பதன் செயப்பாட்டு வினை. அங்கே 'கட்டிங்' வராது.

'ஃபார் மீட்டிங் யூ' தமிழிலிருந்து வரும் பிழை. 'சந்திப்பதற்காக வந்தேன்' என்பதில் தொழிற்பெயரோடு 'ஆக' சேர்கிறது, அதை அப்படியே '-இங்' ஆகவும் 'ஃபார்' ஆகவும் மாற்றிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒருவர் என்ன நோக்கத்தோடு ஒரு செயலைச் செய்தார் என்று சொல்ல 'ஃபார்' போட்டு '-இங்' போட முடியாது. 'ஐ கேம் டு மீட் யூ' மட்டுமே. தமிழிலேயே 'சந்திக்க வந்தேன்' என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. மனத்தில் அந்த வடிவத்தை வைத்துக்கொண்டால் இந்தப் பிழை வராது.

'ஃபார்' சேர்ந்த '-இங்' இரண்டு இடங்களில் சரி. ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது: 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் பிரெட்'. நடந்த செயலுக்குக் கிடைத்த பலனைச் சொல்லும்போது: 'தே தேங்க்ட் ஹெர் ஃபார் ஹெல்ப்பிங்', 'ஹி வாஸ் ஃபைன்டு ஃபார் ஸ்பீடிங்'. பின்னதில் உதவி நடந்து முடிந்துவிட்டது. நோக்கம் முன்னால் இருக்கிறது, காரணம் பின்னால் இருக்கிறது. 'ஃபார்' காரணத்தோடு சேரும்.

இதேபோலப் பொருள் பிரியும் இன்னும் இரண்டு இணைகள். 'அஃப்ரெய்ட் டு ஜம்ப்', குதிக்கப் பயந்து குதிக்காமல் நிற்பது. 'அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்', தன்னையறியாமல் விழுந்துவிடுவோமோ என்ற பயம். 'ஸாரி டு டிஸ்டர்ப் யூ', இப்போது தொந்தரவு செய்வதற்கு. 'ஸாரி ஃபார் ஷவுட்டிங்', முன்பு கத்தியதற்கு.

இனி 'ஹிஸ்', 'ஹிம்' கேள்வி. முதலில் நம் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 'நான் வருவது அவனுக்குப் பிடிக்கவில்லை' என்பதில் 'நான்' எழுவாய் வேற்றுமையிலேயே நிற்கிறது. அந்த வேகத்தில் 'ஹி டஸ் நாட் லைக் ஐ கமிங்' என்று எழுதிவிடுவார்கள். ஜெரண்டுக்கு முன் 'ஐ', 'ஹி', 'ஷி', 'தே' வரவே கூடாது. 'மை' அல்லது 'மி', 'ஹிஸ்' அல்லது 'ஹிம்', 'தேர்' அல்லது 'தெம்' என்பவற்றில்தான் தேர்வு.

அந்தத் தேர்வில் பழைய சண்டை ஒன்று உண்டு. 'ஹிம் கமிங்' போன்ற அமைப்புக்கு ஆங்கில நடைக் கையேடு எழுதிய ஃபவுலர் சகோதரர்கள் 1906-இல் 'ஃபியூஸ்டு பார்ட்டிசிப்பிள்' என்று பெயர் வைத்துக் கண்டித்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1926-இல், நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் நெடுங்காலமாக இப்படி எழுதி வருவதைக் காட்டி மறுத்தார். பயன்பாடு யெஸ்பர்சன் பக்கம்தான் போய்விட்டது. இன்று எழுதும்போது நான் பரிந்துரைப்பது:

வாக்கியத் தொடக்கத்தில், முறையான எழுத்தில், உடைமை வடிவம்: 'ஹிஸ் அரைவிங் லேட் டிலேய்டு தி மீட்டிங்'. அங்கே 'ஹிம்' போட்டால் பேச்சு வழக்கு போலத் தெரியும். வினைக்கோ பிரிபொசிஷனுக்கோ பின் இரண்டும் சரி: 'டூ யூ மைண்ட் மை ஸ்மோக்கிங்', 'டூ யூ மைண்ட் மி ஸ்மோக்கிங்'. உயிரற்ற பொருள், நீளமான பெயர்த்தொடர், 'திஸ்', 'ஆல்', 'ஸம்' போன்ற சொற்கள் வந்தால் உடைமைக் குறி வேண்டாம்: 'நோ சான்ஸ் ஆஃப் தி டிரெயின் அரைவிங் ஆன் டைம்'. அங்கே 'டிரெயின்ஸ்' என்று அபாஸ்டிரஃபி போட்டு எழுதுவது வலிந்து செய்ததாக இருக்கும்.

'ஸா', 'ஹெர்ட்', 'ஃபவுண்ட்', 'காட்' போன்ற வினைகளுக்குப் பின் உடைமை வடிவம் பிழை. 'ஐ ஸா ஹிம் கிராஸிங் தி ரோடு' என்பதில் பார்த்தது அவனை. 'கிராஸிங்' அங்கே பார்ட்டிசிப்பிள். 'ஐ ஸா ஹிஸ் கிராஸிங்' என்று யாரும் எழுதுவதில்லை.

செய்பவர் யார் என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் கவனியுங்கள். 'ஹி டினைட் டேக்கிங் தி கீ' என்றால் எடுத்ததாகச் சொல்லப்படுபவர் அவரேதான். 'ஹி சஜஸ்டட் லீவிங் ஏர்லி' என்றால் கிளம்புவது அவரும் மற்றவர்களும் சேர்ந்தாக இருக்கலாம், மற்றவர்கள் மட்டுமாகவும் இருக்கலாம். 'ஷி ஹேட்ஸ் ஷவுட்டிங்' என்பதில் கத்துவது யார் என்றே தெரியாது. தெளிவு வேண்டிய கடிதத்தில் ஆளைச் சேர்த்துவிடுங்கள்.

'அலவ்', 'பெர்மிட்', 'அட்வைஸ்' மூன்றும் ஆளைச் சேர்க்கும்போது வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். ஆள் இல்லையென்றால் 'தே டோண்ட் அலவ் பார்க்கிங் ஹியர்'. ஆள் வந்தால் 'தே டோண்ட் அலவ் அஸ் டு பார்க் ஹியர்'.

ஓலைநறுக்கு எழுதிய பதில்:

ஒரே வடிவம் எப்படி இத்தனை வேலை செய்கிறது என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி விகுதிகள். வினையிலிருந்து பெயர் செய்ய '-உங்' அல்லது '-இங்', பார்ட்டிசிப்பிளுக்கு '-எண்டெ'. இடைக்கால ஆங்கிலத்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் பார்ட்டிசிப்பிள் விகுதி மாறி, கடைசியில் '-இங்' என்பதோடு போய்க் கலந்துவிட்டது.

அதுவரை '-இங்' பெயர் வெறும் பெயர்தான். 'ஆஃப்' இல்லாமல் செயப்படுபொருளை ஏற்காது. கலப்புக்குப் பிறகு, ஏறத்தாழ 14-ஆம் நூற்றாண்டிலிருந்து, அது செயப்படுபொருளையும் வினையடையையும் நேராக ஏற்கத் தொடங்கியது. பிழைதிருத்தி சொன்ன 'தி கிளீனிங் ஆஃப்', 'கிளீனிங்' என்ற இரட்டை அமைப்பு அந்தப் பழைய நிலையும் புதிய நிலையும் பக்கத்தில் பக்கத்தில் தங்கிவிட்டதன் அடையாளம்.

'கோ ஃபிஷிங்', 'கோ ஷாப்பிங்' தமிழில் 'மீன் பிடிக்கப் போனான்' என்று வருவதால் எந்தப் பட்டியலிலும் சேராமல் நிற்கும். அது பழைய 'ஆன் ஃபிஷிங்'. 'ஆன்' தேய்ந்து 'அ-ஃபிஷிங்' ஆகி, பிறகு அந்த 'அ'வும் மறைந்தது. ஆகப் பிறப்பால் ஜெரண்ட். இந்த அமைப்பில் 'டு' சேர்க்காதீர்கள். 'கோ டு ஷாப்பிங்' பிழை.

வெற்றுத்தாள் கேட்டது:

கீழே உள்ள ஐந்தையும் திருத்தித் தர முடியுமா?
'ஹி இன்சிஸ்டட் டு பே.'
'ஷி சஜஸ்டட் மி டு ரீட் இட்.'
'வி ஹேட் டிஃபிகல்ட்டி டு ஃபைண்ட் தி ஹவுஸ்.'
'திஸ் ரிப்போர்ட் இஸ் வொர்த் டு பி ரெட்.'
'ஆஃப்டர் ஃபினிஷிங் தி டெஸ்ட், தி பேப்பர்ஸ் வேர் கலெக்டட்.'

சிவப்புமை எழுதிய பதில்:

முதலாவது 'இன்சிஸ்டட் ஆன் பேயிங்'. 'இன்சிஸ்ட்' தன்னோடு 'ஆன்' என்பதைக் கூட்டிக்கொண்டு வரும். 'சக்ஸீட் இன்', 'பிரிவென்ட் ஃப்ரம்', 'கேப்பபிள் ஆஃப்' இவையும் இப்படித்தான். வினையைப் படிக்கும்போதே அதன் பிரிபொசிஷனையும் சேர்த்துப் படித்தால் '-இங்' தானாக வந்துவிடும்.

இரண்டாவது, 'சஜஸ்ட்' ஆளையும் 'டு' என்பதையும் சேர்த்து ஏற்காது. 'ஷி சஜஸ்டட் ரீடிங் இட்' அல்லது 'ஷி சஜஸ்டட் தட் ஐ ரீட் இட்'.

மூன்றாவது 'டிஃபிகல்ட்டி ஃபைண்டிங்'. 'டிரபிள்', 'ப்ராப்ளம்ஸ்' வந்தாலும் இதேதான்.

நான்காவது 'வொர்த் ரீடிங்'. 'வொர்த்' என்பதற்குப் பின் செய்வினை வடிவிலேயே செயப்பாட்டுப் பொருள் கிடைத்துவிடும், 'பீயிங் ரெட்' என்றும் நீட்ட வேண்டாம். 'நீட்' என்பதும் இப்படி ஏற்கும்: 'தி வால்ஸ் நீட் பெயிண்டிங்', சுவர்களுக்கு வண்ணம் பூச வேண்டியிருக்கிறது, அதையே 'நீட் டு பி பெயிண்டட்' என்றும் எழுதலாம்.

ஐந்தாவதில் வடிவம் சரி, செய்பவர் தவறு. தேர்வை முடித்தது தாள்கள் அல்ல. 'ஆஃப்டர் ஃபினிஷிங்' என்று தொடங்கினால், முடித்தவரே அடுத்த பகுதியின் எழுவாயாக வர வேண்டும். தமிழிலும் 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலைக் கொண்டே முடியும். 'தேர்வை முடித்து, தாள்கள் சேகரிக்கப்பட்டன' என்பது காதில் உறுத்துவது அதனால்தான். 'ஆஃப்டர் ஃபினிஷிங் தி டெஸ்ட், வி ஹேண்டட் இன் தி பேப்பர்ஸ்' என்று எழுதுங்கள். முடித்தவர் வேறு, சேகரித்தவர் வேறு என்றால் ஜெரண்டை விட்டுவிட்டு 'வென் தி ஸ்டூடண்ட்ஸ் ஃபினிஷ்டு தி டெஸ்ட், தி பேப்பர்ஸ் வேர் கலெக்டட்' என்று எழுவாயோடு எழுதிவிடுங்கள்.

பிழைதிருத்தி எழுதிய பதில்:

எழுத்துக்கூட்டலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான். ஒற்றைக் குறில் உயிரும் ஒற்றை மெய்யுமாக முடியும் ஓரசை வினையில் கடைசி மெய் இரட்டிக்கும்: 'ரன்னிங்', 'ஸ்டாப்பிங்', 'ஸ்விம்மிங்'. ஈரசைச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால்தான் இரட்டிக்கும்: 'பிகின்' என்பதற்கு 'என்' இரண்டு, 'விஸிட்' என்பதற்கு 'டி' ஒன்றே. 'டிராவல்' என்பதைப் பிரிட்டிஷ் முறையில் இரண்டு 'எல்' போட்டும் அமெரிக்க முறையில் ஒரு 'எல்' போட்டும் எழுதுவார்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். 'ரைட்', 'மேக்' போன்றவற்றில் ஒலிக்காத கடைசி 'ஈ' போய்விடும், 'ஸீ', 'அக்ரீ' என்பவற்றில் இரண்டு 'ஈ'யும் தங்கும். இறப்பதைக் குறிக்கும் 'டை', பொய் சொல்லும் 'லை' இரண்டிலும் கடைசி 'ஐ-ஈ' மறைந்து 'ஒய்' வரும். சாயம் போடும் 'டை'யில் 'ஈ'யை எடுக்கக் கூடாது; எடுத்தால் சாயம் போடுவது இறப்பதாகிவிடும். 'பேனிக்', 'பிக்னிக்' இரண்டிலும் 'சி' என்பதற்குப் பின் ஒரு 'கே' சேர்த்த பிறகே '-இங்' போட வேண்டும்.